பிரசவத்தில் ரத்தம் எவ்வளவு போனது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரசவ வார்டு வாசலில் நிற்கிற சொந்தக்காரர்கள் கேட்பது இரண்டே கேள்விதான்: என்ன குழந்தை, எத்தனை கிலோ? தாய்க்கு ரத்தம் எவ்வளவு போனது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பல இடங்களில் கிடைக்கும் பதில் "நார்மல்தான்" என்பதுதான். அந்த "நார்மல்" எப்படி முடிவாகிறது என்பதைத்தான் கடந்த 20 ஆண்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பத் தோண்டிப் பார்த்திருக்கின்றன. கர்ப்பிணிகள், அவர்களுடைய அம்மாக்கள், பள்ளிக்குப் போகும் பெண் பிள்ளைகளின் பெற்றோர் ஆகியோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை வைத்து அதைப் பார்ப்போம்.

பிரசவம் என்றால் ரத்தம் போகத்தானே செய்யும்? எவ்வளவு போனால் அதிகம்?

போகும். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் வாய் திறந்து நிற்கும். அவற்றை மூடுவது தையலோ மருந்தோ அல்ல, கர்ப்பப்பையின் தசைதான். அது இறுகிக் கல் மாதிரி ஆனால் ரத்தம் நிற்கும். பிசைந்த மாவு மாதிரி தளர்ந்து கிடந்தால் நிற்காது. நஞ்சில் ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டாலும், பிறப்புறுப்பில் கிழிசல் இருந்தாலும், ரத்தம் உறையாத கோளாறு இருந்தாலும் போக்கு தொடரும். ஆனால் பெரும்பாலும் காரணம் அந்தத் தளர்ச்சிதான்.

24 மணி நேரத்துக்குள் 500 மில்லி அல்லது அதற்கு மேல் போனால் அது அதிக ரத்தப்போக்கு என்பது நெடுநாள் கணக்கு. 2025இல் உலக சுகாதார நிறுவனம் இதைக் கொஞ்சம் மாற்றியது: 300 மில்லி போயிருந்து, நாடித்துடிப்பிலோ ரத்த அழுத்தத்திலோ மாற்றம் தெரிந்தாலே சிகிச்சையைத் தொடங்கலாம், 500 வரை காத்திருக்க வேண்டாம் என்றது.

அனுபவமுள்ள நர்ஸுக்குப் பார்த்தாலே தெரியாதா?

தெரியாது என்பதுதான் ஆய்வு சொல்வது. அவர்கள் திறமையில் குறை இல்லை, மனிதக் கண்ணின் குணம் அப்படி.

கர்நாடகத்தின் பெல்காமில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில், சில பெண்களுக்குப் போன ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிட்டார்கள், வேறு சிலருக்கு அளவுப் பை வைத்துப் பிடித்தார்கள். கண் மதிப்பீடு பையின் அளவைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக வந்தது. ரத்தம் அதிகமாகப் போகப் போகத்தான் கண் இன்னும் ஏமாறும். உண்மையில் 900 மில்லி போயிருக்க, "ஒரு 500 இருக்கும்" என்று எழுதுவது அப்படித்தான் நடக்கிறது.

நம்பிக்கை வராவிட்டால் வீட்டிலேயே செய்து பாருங்கள். அரை லிட்டர் தண்ணீரில் குங்குமத்தைக் கரைத்து, கால் பங்கைத் தரையில் ஊற்றுங்கள். மீதியை ஒரு பழைய வேட்டியில் ஊற்றிச் சுருட்டி வையுங்கள். வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டு எவ்வளவு தண்ணீர் என்று கேளுங்கள். தரையில் கிடப்பது பெரிதாகத் தெரியும், துணிக்குள் போனது கணக்கிலேயே வராது. பிரசவ அறையில் துணி, பஞ்சு, பனிக்குட நீர், கட்டிலுக்கு அடியில் வாளி என எல்லாம் கலந்து கிடக்கும்போது யாரால்தான் சரியாகச் சொல்ல முடியும்?

அந்த அளவுப் பை எப்படி இருக்கும்?

ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன் நுனியில் புனல் மாதிரி தொங்கும் ஒரு பை. குழந்தை பிறந்ததும் தாயின் இடுப்புக்கு அடியில் விரித்துவிடுவார்கள், ரத்தம் வழிந்து பையில் சேரும். பையின் மேல் கோடுகள் இருக்கும். 300 மில்லிக் கோட்டைத் தொட்டால் கவனி, 500 கோட்டைத் தொட்டால் வேலையை ஆரம்பி. இந்த மாதிரிப் பையை உருவாக்கிப் பயன்படுத்தியதில் நான் மேலே சொன்ன பெல்காம் ஆய்வுக் குழுவுக்கு முக்கியப் பங்கு உண்டு. அதே மாவட்டத்தில் 1,620 பெண்களிடம் நடந்த, கர்ப்பப்பையை இறுக வைக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை பற்றிய ஆய்விலும் இப்படித்தான் ரத்தத்தை அளந்தார்கள். மாத்திரை கொடுத்த பெண்களில் அதிக ரத்தப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாகக் குறைந்தது. மாத்திரையைக் கொடுத்தவர்கள் பெரிய டாக்டர்கள் இல்லை, கிராமத்துத் துணைச் செவிலியர்கள்.

ஒரு கோடு போட்ட பை உயிரைக் காப்பாற்றுமா?

பை மட்டும் காப்பாற்றாது. கோட்டைத் தொட்டதும் என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதற்கு இன்றைக்கு இருக்கும் வலுவான சான்று ஈ-மோட்டிவ் ஆய்வு. 2023இல் முடிவு வெளியானது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகள், 2 லட்சத்துக்கு மேற்பட்ட சுகப்பிரசவங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று. வழக்கமான முறையையே தொடர்ந்த மருத்துவமனைகளிலும் பை வைத்தார்கள், ஆனால் அதில் கோடு இல்லை. ரத்தம் சேர்வது கண்முன்னே தெரியும், எவ்வளவு என்று தெரியாது. அங்கே அதிக ரத்தப்போக்கு வந்த பெண்களில் சுமார் பாதிப் பேரைத்தான் நேரத்தில் கண்டுபிடித்தார்கள். கோடு போட்ட பையும் பயிற்சியும் இருந்த இடங்களில் 93 சதவீதம்.

கோட்டைத் தொட்டதும் ஐந்து காரியங்களை ஒரே மூச்சில் செய்ய வேண்டும்: வயிற்றின் மேல் கை வைத்துக் கர்ப்பப்பையை அழுத்தித் தேய்ப்பது, அதை இறுக வைக்கும் மருந்து, உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரனெக்ஸாமிக் அமிலம், டிரிப், பிறகு கிழிசல் இருக்கிறதா, நஞ்சு முழுதாக வந்ததா என்று பார்த்து, நிற்காவிட்டால் பெரிய டாக்டரைக் கூப்பிடுவது. முன்பு இதை ஒவ்வொன்றாகச் செய்தார்கள். ஊசி போட்டு 10 நிமிடம் பார்ப்போம், நிற்கவில்லையா, சரி, அடுத்தது. அந்த 10 நிமிடங்கள் சேர்ந்து சேர்ந்துதான் ஆளைக் கொல்லும்.

முடிவு: ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போவது, அதற்காக வயிற்றைத் திறப்பது, ரத்தப்போக்கால் இறப்பது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதம். "60 சதவீதம் குறைந்தது" என்று செய்தியில் வந்தது இதுதான். ஆனால் அந்தக் குறைவில் பெரும்பங்கு ஒரு லிட்டரைத் தாண்டுவது குறைந்ததால் வந்தது. "இறப்பு 60 சதவீதம் குறைந்தது" என்று வாட்ஸ்அப்பில் படித்திருந்தால் அது தவறு.

ஆப்பிரிக்காவில் நடந்தது நமக்குப் பொருந்துமா?

கர்ப்பப்பைக்கு நாடு தெரியாது, அந்த வகையில் பொருந்தும். பொருந்தாத இடம் வேறு. அந்த ஆய்வு சுகப்பிரசவம் பற்றியது. தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அறுவை மேசையில் ரத்தம் உறிஞ்சு பாட்டிலில் பனிக்குட நீருடன் கலந்து போகும், துணிகளில் ஊறும், மேசைக்கு அடியில் வழியும். அங்கே இந்தப் பையை அப்படியே கொண்டுபோய் வைத்து அதே பலன் கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது. நம் ஊரில் இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

டிரனெக்ஸாமிக் அமிலம் புது மருந்தா?

பழசு. ஜப்பானில் உடாகோ ஒகாமோட்டோ என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய கணவரும் 1962இல் வெளியிட்டது. பிரசவத்தில் ரத்தம் போய் இறக்கும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதே அவருடைய ஆசை, ஆனால் அந்தப் பயன்பாட்டைச் சோதிக்க மகப்பேறு மருத்துவர்களை அவரால் சம்மதிக்க வைக்க முடியவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பிறகு 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்த வுமன் ஆய்வு 2017இல் முடிவைச் சொன்னது: ரத்தப்போக்கு வந்த மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் இறப்பது 1.7 சதவீதத்திலிருந்து 1.2 ஆகக் குறைகிறது. நேரம் போனால் பலன் இல்லை. ஒகாமோட்டோ 2016இல், 98 வயதில் காலமானார். முடிவைப் பார்க்க அவர் இல்லை.

அப்படியானால் ரத்தசோகை உள்ள எல்லோருக்கும் முன்கூட்டியே போட்டுவிடலாமே என்று தோன்றும். அதையும் 15,000 பெண்களிடம் பார்த்தார்கள், 2023இல் முடிவு வந்தது. ரத்தப்போக்கைத் தடுக்கவில்லை. வந்த பிறகு உதவும் மருந்து, வருமுன் உதவவில்லை.

ஊசி போட்டும் ரத்தம் நிற்கவில்லை என்கிறார்களே, ஏன்?

மருந்தே கெட்டிருக்கலாம். கர்ப்பப்பையை இறுக வைக்கும் ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில், மேசை மேல் ட்ரேயில் கிடந்த ஊசி மருந்தில் எவ்வளவு வீரியம் மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. சூட்டைத் தாங்கும் கார்பெடோசின் என்ற மருந்து ரத்தப்போக்கைத் தடுப்பதில் இதற்குச் சளைத்ததில்லை என்று 10 நாடுகளில் நடந்த ஆய்வு 2018இல் காட்டியது.

விமானி மாதிரி ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வைத்துக்கொண்டால் தவறே நடக்காது என்று கேள்விப்பட்டேனே?

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான பிரசவத்துக்கு ஒரு பட்டியல் தயாரித்தது. கை கழுவினீர்களா, பி.பி. பார்த்தீர்களா, ஊசி தயாரா என்று முப்பதுக்குச் சற்றுக் குறைவான கேள்விகள். கர்நாடகத்தில் ஒரே மருத்துவமனையில் சிறிய அளவில் பார்த்தபோது செவிலியர்களின் வேலை முறை வெகுவாக மாறியது. அந்த உற்சாகத்தில் உத்தரப்பிரதேசத்தில் 24 மாவட்டங்களில், 120 மருத்துவமனைகளில், ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களில் பெரிதாகச் செய்தார்கள். பெட்டர்பர்த் என்று பெயர். எட்டு மாதம் பயிற்சியாளர்கள் வந்து கூடவே நின்று சொல்லிக்கொடுத்தார்கள்.

இரண்டாவது மாதத்தில், செய்ய வேண்டியவற்றில் 72.8 சதவீதம் நடந்தது, பட்டியல் இல்லாத இடங்களில் 41.7. பெரிய முன்னேற்றம்தான். பயிற்சியாளர்கள் வருவது நின்ற பிறகு, 12ஆம் மாதத்தில் அது 61.7 ஆக இறங்கியது. தாயோ குழந்தையோ இறப்பது, தாய்க்குக் கடுமையான சிக்கல் வருவது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால்? பட்டியல் இருந்த இடத்தில் 15.1 சதவீதம், இல்லாத இடத்தில் 15.3. வித்தியாசமே இல்லை.

2017இல் இது வெளியானபோது பலருக்கு ஏமாற்றம். நான் இதை மிக உபயோகமான ஆய்வுகளில் ஒன்றாக நினைக்கிறேன். பட்டியல் "ரத்தம் போகிறதா?" என்று கேட்கும். போகிறது என்றால் ஏற்ற ரத்தம் பக்கத்தில் இருக்கிறதா, ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டர் வருவாரா, வண்டி கிடைக்குமா? இதையெல்லாம் ஒரு காகிதம் கொண்டுவந்து தராது. ஈ-மோட்டிவ் முப்பது விஷயங்களைத் தொடவில்லை. ஒரே ஆபத்தை எடுத்து, அதை அளக்கக் கருவியைக் கையில் கொடுத்து, மருந்துகளைப் பக்கத்திலேயே வைத்தது.

பி.பி. நன்றாக இருக்கிறது என்றார்கள், அப்புறம் எப்படி திடீரென்று மோசமானது?

இளம் பெண்களின் உடல் ரத்த இழப்பை நெடுநேரம் சமாளித்து, பி.பி.யை விடாமல் பிடித்து வைத்திருக்கும். முதலில் ஏறுவது நாடித்துடிப்பு. பி.பி. இறங்கும்போது நிறையப் போயிருக்கும். அதனால்தான் நாடி எண்ணிக்கையை பி.பி.யின் மேல் எண்ணால் வகுத்துப் பார்க்கிறார்கள். நாடி 110, மேல் எண் 100 என்றால் 1.1. இது 0.9ஐத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும்.

என் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். இதற்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 குடும்ப நல ஆய்வு. இந்தப் பெண்கள்தான் சில ஆண்டுகளில் தாய்மார்கள். நல்ல ஹீமோகுளோபின் உள்ளவர் அரை லிட்டர் இழந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். 6 கிராமில் இருப்பவருக்கு அதே அரை லிட்டர் உயிருக்கே உலை வைக்கும். கர்ப்பமான பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்றால் கையில் இருப்பது சில மாதம்தான், அதிலும் முதல் மூன்று மாதம் வாந்தியிலேயே போய்விடும். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல நிற மாத்திரை அதற்குத்தான். 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் அதில் இருக்கிறது. கூடவே ஆண்டுக்கு இருமுறை பூச்சி மாத்திரை.

அந்த மாத்திரை சாப்பிட்டால் வயிறு புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்கிறாளே?

இரண்டும் உண்மை, இரண்டும் ஆபத்தில்லை. கறுப்பாகப் போவது உடலில் சேராத இரும்பு. வெறும் வயிற்றில் போடாமல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் புரட்டல் குறையும். காபி, டீயோடு போட்டால் பாதி வீண், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்காய், கொய்யா ஏதாவது கூட இருந்தால் நல்லது. கர்ப்பிணிகள் "சத்து மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும்" என்று பரணில் பதுக்கி வைப்பதும் நடக்கிறது. மாத்திரைக்கும் நிறத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மாத்திரை வாங்கிக்கொண்டார் என்று பதிவேட்டில் டிக் இருக்கும், அட்டை பிரிக்காமல் அப்படியே இருக்கும். இதுவும் அளவுக் கோளாறுதான்: கொடுத்ததை எண்ணுகிறோம், விழுங்கியதை எண்ணுவதில்லை.

18 வயதுக்குள் கர்ப்பமானால் ஆபத்து அதிகமா?

ஆம். 20 முதல் 24 வயதுத் தாய்மார்களைவிட 10–19 வயதுத் தாய்மார்களுக்கு வலிப்பு, பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பைத் தொற்று போன்றவை அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் உடலைவிடப் பெரிய தடை பயம். போக்சோ சட்டப்படி மருத்துவமனை காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பதால் குடும்பங்கள் ஒளித்து வைத்து, கடைசி நேரத்தில் கொண்டுவருகின்றன. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் தகவல் தரும்போது அவளுடைய பெயர், அடையாளத்தைச் சொல்லத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. இது இன்னும் பலருக்குத் தெரியாது.

ஒரு தாய் இறந்துவிட்டால் யாரையாவது தண்டிப்பார்களா?

தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய் இறப்பையும் பதிவு செய்து ஆராயும் வழக்கம் 1990களிலிருந்தே இருக்கிறது. வீட்டுக்கே போய்க் கேட்பார்கள்: எப்போது வலி வந்தது, எப்போது கிளம்பினீர்கள், எந்த மருத்துவமனையிலிருந்து எங்கே அனுப்பினார்கள், போய்ச் சேர்ந்த பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள். இங்கிலாந்தில் இந்த மாதிரி ரகசிய விசாரணை 1952 முதல் நடக்கிறது. தமிழ்நாட்டில் உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 2001–03இல் 134 ஆக இருந்த தாய் இறப்பு 2018–20இல் 54 ஆனதில், 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், 108 வண்டி, ரத்த வங்கிகளோடு இந்த விசாரணைக்கும் பங்கு உண்டு. அதே 2018–20இல் கேரளத்தில் 19 என்பதையும் மறக்க வேண்டாம்.

தண்டனைதான் நோக்கம் என்றானால் அடுத்த நாளே கேஸ் ஷீட்டில் நேரம் மாறும். உண்மை வெளியே வர வேண்டுமென்றால் சொல்பவருக்குப் பயம் இருக்கக் கூடாது. அதற்காக அலட்சியத்தை மூடி மறைக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. புகார் கொடுக்கும் உரிமை குடும்பத்துக்கு இருக்கிறது, அது வேறு வழி.

மருத்துவமனையில் "ஒரு ஆய்வில் சேருகிறீர்களா" என்று கேட்டால்?

முடியாது என்று சொன்னாலும் சிகிச்சை குறையக் கூடாது, அது விதி. நடுவில் விலகவும் செய்யலாம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எண் இருக்கிறதா என்று கேளுங்கள். மருந்துச் சோதனைகளுக்குப் பதிவு 2009 முதல் கட்டாயம். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது, விவரம் தெரிந்த பிள்ளையின் சம்மதமும் வேண்டும். வலியில் துடிக்கும்போது நீட்டப்படும் காகிதத்தில் யாரும் எதையும் படிப்பதில்லை. முடிந்தவரை மாதாந்திரப் பரிசோதனையின்போதே விளக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைவது, பெரிய கட்டியாகப் போவது, எழுந்தால் கண் இருட்டுவது, படபடப்பு, நாற்றமுள்ள போக்கு, காய்ச்சல். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். முதல் நாளோடு ஆபத்து போய்விடாது, ஆறு வாரம் வரைகூட வரலாம். "பச்சை உடம்புக்காரி, அப்படித்தான் இருக்கும்" என்று பெரியவர்கள் சொன்னால் நனைந்த நாப்கின்களை எண்ணிச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் மருத்துவமனையில் அந்தப் பையே இல்லை. என்ன செய்வது?

நிறுக்கலாம். ஒரு மில்லி ரத்தம் ஏறக்குறைய ஒரு கிராம். பிரசவத்துக்கு முன் காய்ந்த துணிகளின் எடையைக் குறித்து வைத்து, பிறகு நனைந்த துணிகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு நிறுத்தால் போதும். காய்ந்தது 250 கிராம், நனைந்தது 800 கிராம் என்றால் 550 மில்லி போயிருக்கிறது. பனிக்குட நீரில் நனைந்ததை மட்டும் தனியே எடுத்துவிட வேண்டும். தராசு இல்லை என்று சொல்ல முடியாது, குழந்தையை நிறுக்கும் எந்திரம் எல்லாப் பிரசவ அறையிலும் இருக்கிறது. அடியில் ஒரு விரிப்புப் போட்டு, பிறகு துடைத்துக்கொண்டால் ஆயிற்று.